விதிவிலக்கும் விதியும்: டெர்ரி பிராட்செட்டின் ‘மான்ஸ்ட்ரஸ் ரெஜிமென்ட்’ புதினத்தில் வேடம், போர், நகை

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கில நகைச்சுவை மிகுபுனைவு எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் (1948–2015) இயற்றிய ‘மான்ஸ்ட்ரஸ் ரெஜிமென்ட்’ (2003), ஆண்வேடம் பூண்டு படையில் சேரும் பெண்களைப் பற்றிய புதினம். வேடம் கலைதலைப் பெண் விடுதலையின் குறியீடாகக் கொள்ளும் வாசிப்பு இதற்கு எளிதாகப் பொருந்தும். இக்கட்டுரை அவ்வாசிப்பினின்று விலகி, மறைத்து வைக்கப்படும் ஒவ்வொரு விதிவிலக்கும் விதியையே காத்து நிற்கிறது என்பதைப் புதினத்தின் மையக் கருத்தாகக் காண்கிறது. அக்கருத்தை ஆசிரியர் நகைச்சுவையின் வழியே எவ்வாறு நிறுவுகிறார் என்பதும், தமிழின் பால் காட்டும் வினைமுற்றுகளைக் கொண்டு நோக்கும்போது அவருடைய கதைசொல்லும் முறை எவ்வாறு துலங்குகிறது என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டெர்ரி பிராட்செட், மிகுபுனைவு, ஆண்வேடம், போர், நகை, பால் ஐயம்

முன்னுரை

பெண்ணொருத்தி ஆணுடை தரித்துப் போருக்குச் செல்லும் கதை ஆங்கில நாட்டார் பாடல் மரபில் நெடுங்காலமாக வழங்குவது. டயான் டுகாவ் தம் ‘வாரியர் விமன் அண்ட் பாப்புலர் பேலட்ரி’ (1989) என்னும் நூலில், 1650 முதல் 1850 வரையிலான இரு நூற்றாண்டுக் கதைப்பாடல்களை ஆராய்ந்து, அவற்றுள் ஒரு நிலைத்த வாய்பாடு இயங்குவதை எடுத்துக்காட்டினார். காதலன் போருக்குப் போகிறான். பெண் வேடமிட்டுப் பின்தொடர்கிறாள். களத்தில் வீரம் காட்டுகிறாள். முடிவில் வேடம் கலைந்து திருமணம் நிகழ்கிறது. ‘ஸ்வீட் பாலி ஆலிவர்’ அவ்வகையைச் சேர்ந்த ஒரு பாடல். பிராட்செட்டின் தலைவி பெயர் பாலி பெர்க்ஸ். படையில் அவள் பூணும் பெயர் ஆலிவர். பழைய பாடலை அறிந்த வாசகர் முதற் பக்கங்களிலேயே வாய்பாட்டை இனங்கண்டு, அடுத்து நிகழவிருப்பதைத் தாமே ஊகித்துக்கொள்வர். அந்த ஊகத்தை ஆசிரியர் வேண்டுமென்றே வளர்க்கிறார்.

தலைப்பும் ஒரு பழைய நூலைச் சுட்டுவதே. ஸ்காட்லாந்துச் சமயச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸ், பெண்கள் அரசாளுதலைக் கண்டித்து 1558இல் வெளியிட்ட துண்டு நூலின் தலைப்பில் இத்தொடர் இடம்பெறுகிறது. அங்கே ‘ரெஜிமென்ட்’ என்பதன் பொருள் ஆட்சி. பிற்காலத்தில் அச்சொல் படைப்பிரிவைக் குறிப்பதாயிற்று. பெண்ணாட்சியைப் பழித்த தொடர் பெண்படையின் பெயராக மாறிவிடுகிறது. நூல் வெளிவந்த அதே ஆண்டின் இறுதியில் முதலாம் எலிசபெத் இங்கிலாந்தின் அரியணை ஏறினார் என்பதையும், நாக்ஸின் பாடு அதனாற் கடினமாயிற்று என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

கதைக்களம்

பிராட்செட்டின் ‘டிஸ்க்வேர்ல்ட்’ வரிசையில் அமைந்த 41 புதினங்களுள் இது 31ஆவது. வரிசையின் ஏனைய நூல்களை அறியாதவரும் இதனைத் தனியே படிக்க இயலும். போரோகிரேவியா என்னும் சிறு நாடு அண்டை நாடுகள் அனைத்தோடும் இடைவிடாது போரிட்டுத் தேய்ந்து கிடக்கிறது. அதன் கடவுள் நகன். அவருடைய மறைநூல் முற்றுப்பெறாதது. தாள்களைக் கோக்கும் வளையக் கோப்பாக இருப்பதால் புதிய விலக்குகள் அவ்வப்போது சேர்ந்துகொண்டே இருக்கும். பூனை, பூண்டு, சாக்லேட், நீலநிறம் ஆகிய எல்லாம் கடவுளுக்கு அருவருப்பானவை. பெண்கள் ஆணுடை அணிவதும் அப்பட்டியலில் உண்டு. பெண்ணுக்குச் சொத்துரிமை இல்லை. எனவே, போருக்குச் சென்ற உடன்பிறந்தான் திரும்பாவிடில் தந்தைக்குப் பின் குடும்பத்தின் விடுதி கைவிட்டுப் போகும். அவனைத் தேடியே பாலி கூந்தலைக் களைந்து படையில் சேர்கிறாள். காதலன் இருக்க வேண்டிய இடத்தில் விடுதியின் உரிமை வந்து அமர்ந்துவிட்டது. பழைய வாய்பாட்டில் நிகழும் முதல் மாற்றம் இது, பொருளியல் சார்ந்தது, மிகச் சிறியதாகத் தோன்றினும் பின்னர் வரும் அனைத்திற்கும் இதுவே அடிப்படை.

பாலியோடு சேர்ந்த புதுப்படையினர் எழுவர். இரத்தக் காட்டேரி மாலடிக்ட், கல்லுடல் பூதம் கார்போரண்டம், அறுவை மருத்துவம் அறிந்த ஈகோர், பெண்களுக்கான பணிப்பள்ளியின் கொடுமையைத் தாங்கி வந்த வாஸர், டாங்கர், லாஃப்டி, மகப்பேற்றை எதிர்நோக்கும் ஷஃப்டி. இவர்களை நடத்திச் செல்வோர் நெடுங்காலச் சார்ஜென்ட் ஜாக்ரமும், மேசைப்பணியிலிருந்து களத்திற்கு வந்த லெப்டினன்ட் பிளௌஸும்.

படைத்தலைவர் சிலரின் பெயர்கள் உடைகளின் பெயர்களாக இருப்பதையும் இங்கே சுட்டவேண்டும். கார்டிகன், ராக்லன் என்னும் பிரித்தானியத் தளபதிகளின் பெயர்கள் உடைகளுக்கு வழங்கலான வரலாற்றை ஆசிரியர் தலைகீழாக்குகிறார். பிளௌஸ், ஃப்ராக் ஆகிய இரு பெயர்களின் சிலேடையும் தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பு இன்றியே விளங்கும். இரண்டும் நம் வீடுகளில் பெண்கள் உடுத்துபவை.

எண்ணிக்கை ஒரு வாதமாதல்

பாலி தான் மட்டுமே வேடதாரி என எண்ணுகிறாள். பின்பு ஒருவர் பெண்ணெனத் தெரிகிறது; அடுத்து இன்னொருவர்; அதன்பின் மற்றொருவர். முடிவில் எண்மரும் பெண்கள். ஒரே வெளிப்பாடு திரும்பத் திரும்ப நிகழ்வதைப் புதினத்தின் குறையாகக் கருத இடமுண்டு. மூன்றாவது வெளிப்பாட்டிற்குப் பின் வாசகர் வியப்பதில்லை; நான்காவதை முன்னரே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார். வியப்பை உண்டாக்குவதுதான் ஆசிரியரின் நோக்கம் எனின் இது தோல்வியே.

நோக்கம் வேறு என்பது இக்கட்டுரையின் துணிபு. ஹென்றி பெர்க்சன் ‘சிரிப்பு’ (1900) என்னும் நூலில், உயிருள்ளதன்மேல் எந்திரத்தன்மை படிவதே நகைக்குக் காரணம் என்றும், மீள நிகழ்தல் அதன் தலையாய வடிவங்களுள் ஒன்று என்றும் கருதினார். இப்புதினத்தில் எந்திரமாக மீள நிகழ்வது கண்டுபிடிப்பு. ஆனால் எண்ணிக்கை ஏற ஏற, நகைக்கப்படும் பொருள் இடம்பெயர்கிறது. ஒருத்தி ஆண்வேடத்தில் அகப்பட்டால் நகைக்கு இலக்காவது அவள். எண்மரும் அவ்வாறே எனின் நகைக்கு இலக்காவது பெண்கள் படைக்கு ஆகார் என்னும் விதி. பெண்களே நிரம்பிய படை, பெண்களுக்கு இடமில்லை என்னும் விதியின் கீழ் நடைபோடுகிறது.

இந்தக் கணக்கு உச்சம் எய்துவது இறுதிப் பகுதியில். பெண்களெனத் தெரியவந்த வீராங்கனைகளை என்செய்வது எனப் படைத்தலைமை கூடி ஆராய்கிறது. ஜாக்ரம் உள்ளே நுழைகிறார். தம் நீண்ட பணிக்காலத்தில் அவர் அறிந்து வைத்த கமுக்கங்கள் பல. அவற்றைக் கொண்டு, தீர்ப்பளிக்க அமர்ந்த தளபதிகளுள்ளும் கணிசமானோர் பெண்களே என்பதை வெளிக்கொணர்கிறார். தளபதி ஃப்ராக் அவர்களுள் ஒருவர். நகைச்சுவை புதினங்களில் இத்தகைய உச்சக்காட்சி பொதுவாக மகிழ்ச்சிக்கு உரியது. இங்கு அது கசப்பை உண்டாக்குகிறது. மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஒரே கமுக்கத்தைத் தனித்தனியே சுமந்து உயர்ந்தவர்கள். தம்மைப் போன்ற இளையவர் தம்முன் நிறுத்தப்பட்டபோது அவர்களுள் எவரும் எழுந்து நின்று ‘யானும் அவ்வாறே’ எனக் கூறவில்லை. அச்சுறுத்தல் வேண்டியிருந்தது.

இக்காட்சியை மையமாகக் கொண்டால் புதினம் முழுவதும் வேறு ஒளியில் தெரிகிறது. வேடமிட்டு வென்ற பெண், விதி பொய்யென்பதற்குச் சான்றாக இருக்க வேண்டியவள். ஆனால் சான்று மறைந்திருக்கும் வரை அது சான்றாகாது. அவள் வெற்றியும் ஆண்களின் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. அதற்கும் மேலாக, தன் உயர்வு கமுக்கத்தைச் சார்ந்திருப்பதால், விதி குலையாமல் இருப்பதில் அவளுக்கே ஒரு நலன் உண்டாகிவிடுகிறது. ஆண்டுதோறும் எத்தனை பெண்கள் நுழைந்தாலும் வாயிற்காவல் தளராமைக்குக் காரணம் இதுவே.

கடவுளின் நிலையும் இதனோடு இயைந்தது. நகன் முன்னரே மறைந்துவிட்டார் என்பதும், மக்கள் கேட்பது தம் அச்சத்தின் எதிரொலியே என்பதும் பின்னர்த் தெரிகின்றன. விதித்தவன் இல்லாத விதி; உள்ளூர ஏற்காதோர் பலர் இருந்தும் ஒவ்வொருவரும் பிறர் ஏற்பதாக எண்ணிக் காக்கும் விதி. 1431இல் ஜோன் ஆஃப் ஆர்க் மீதான விசாரணையில் ஆணுடை அணிந்தமை ஒரு குற்றச்சாட்டாக இருந்ததையும், அவர் மீண்டும் அவ்வுடை தரித்தமை தண்டனைக்கு வழிகோலியதையும் அறிந்தவர்க்கு, நகனின் அருவருப்புப் பட்டியல் வெறும் விளையாட்டாகத் தோன்றாது.

புதுச்சேரிக் கோட்டைக்கு வெளியே

மறைந்த விதிவிலக்கு விதியைக் காக்கும் என்னும் கருத்துக்கு வரலாற்றில் ஒரு சான்று காட்டலாம். அச்சான்று தமிழ் நிலத்தோடு தொடர்புடையது. ஹன்னா ஸ்னெல் (1723–1792) என்னும் ஆங்கிலப் பெண் ஜேம்ஸ் கிரே என்னும் பெயரில் கடற்படை வீரராகச் சேர்ந்து, 1748இல் பாஸ்கவன் தலைமையில் நிகழ்ந்த புதுச்சேரி முற்றுகையில் பங்கேற்றார். ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பின் வழி நாம் கோட்டையின் உட்புறத்திலிருந்து அறியும் அதே முற்றுகை அது. அவர் இங்கிலாந்து மீண்டு தாம் பெண்ணென வெளிப்படுத்திய பின், 1750இல் ‘தி ஃபீமேல் சோல்ஜர்’ என்னும் வாழ்க்கைக் கதை வெளியாயிற்று. அந்நூல் சொல்லும் நிகழ்ச்சிகள் அனைத்தையும் அப்படியே ஏற்க இயலாது. விற்பனைக்கெனப் புனைந்தவை அதில் உண்டு. எனினும் அதன் மையக் காட்சி கருதத்தக்கது. முற்றுகையில் அரைப்பகுதியில் குண்டு பாய்ந்தபோது, மருத்துவரிடம் காட்டினால் கமுக்கம் வெளிப்படும் என அஞ்சி, ஸ்னெல் தாமே குண்டை அகற்றிக்கொண்டார் என்றும், உள்நாட்டுப் பெண்ணொருத்தி அவருக்கு உதவினாள் என்றும் நூல் கூறுகிறது.

இந்நிகழ்ச்சி உண்மையாயின், அந்தச் சிப்பாயின் பாலை அறிந்த ஒரே ஆள் இக்கடற்கரையைச் சேர்ந்த ஒருத்தி. அவள் பெயரை நூல் பதியவில்லை. விதிவிலக்கு ஒன்று நிலைபெறுவதற்குப் பெயரற்ற வேறொரு பெண்ணின் வாய்ச்சொல்லாமை தேவைப்பட்டிருக்கிறது.

திரும்பிய ஸ்னெலுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. அவர் சீருடையோடு மேடையேறிப் படைப்பயிற்சி செய்து காட்ட, மக்கள் காசு கொடுத்துக் கண்டனர். படையில் பெண்கள் சேரலாம் என எவரும் அதிலிருந்து முடிவு செய்யவில்லை. அவர் வியத்தகு தனியொருத்தி, அவ்வளவே. இத்தகைய வாழ்க்கைக் கதைகளை ஆராய்ந்த ஜூலி வீல்ரைட்டின் ‘அமேசான்ஸ் அண்ட் மிலிட்டரி மெய்ட்ஸ்’ (1989) போன்ற நூல்களின் வழி நாம் காணும் வரலாற்றுப் பெண்கள் பெரும்பாலும் இவ்வாறு தனித்தனியே நிற்கின்றனர். பிராட்செட் செய்த எளிய செயல், அவர்களை ஒரே அறையில் கூட்டியது.

ஜாக்ரம் பாலிக்குச் செய்யும் முதல் உதவியும் பெயரற்றதே. காற்சட்டையினுள் காலுறையைத் திணித்துக்கொள்ளுமாறு கழிப்பறையில் ஒரு குரல் அறிவுரை கூறுகிறது. குரலுக்குரியவர் யாரென்பது நெடுநேரம் தெரிவதில்லை. தான் நடந்துகொள்ளும் முரட்டுத்தனங்களுக்குக் காலுறைகளே காரணம் எனப் பாலி பின்னர் எண்ணிக்கொள்வது புதினத்தின் மிகச் சிறந்த நகை. ஆண்மை என்பது இரண்டு காலுறை என ஆசிரியர் விளக்கவில்லை. கம்பளித் துணியை அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டு அப்பால் நகர்ந்துவிடுகிறார்.

எள்ளுவோரும் எள்ளப்படுவோரும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறும். இவற்றுள் எள்ளலை உரையாசிரியர் பேராசிரியர் இருவகையாகப் பிரிப்பர்: தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் தான் எள்ளப்பட்டவழி நகுதல். இரண்டாவது வகை இப்புதினத்திற்கு மிகவும் பொருந்துவது. வேடப் பெண்களின் நகை பெரும்பாலும் தம்மைக் குறித்த எள்ளலைத் தம் காதாற் கேட்டு, மறுக்க இயலாது நகுவது. படைமுகாமில் ஆண்கள் பெண்களைப் பற்றிப் பேசும்போது பாலி ஆணாகவே நின்று கேட்கவேண்டும். அவள் உள்ளத்தில் எழும் எதிர்மொழிகளே நூலின் நகைக்கு ஊற்று.

சலவைப் பெண்கள் காட்சி இதன் உச்சம். பகைவர் கைப்பற்றிய கோட்டைக்குள் நுழையச் சலவைப் பெண்களாக வேடமிடலாம் எனத் திட்டமிடப்படுகிறது. தம் கீழுள்ளவர் பெண்கள் என்பதை இன்னும் அறியாத பிளௌஸ், அப்பணிக்குத் தாமே தகுதியானவர் என முன்வருகிறார்; பள்ளி நாடகங்களில் பெண்பாத்திரம் ஏற்ற பயிற்சி அவருக்கு உண்டு. அவர் தடையின்றி உள்ளே சென்றுவிடுகிறார். பின்னர்ச் செல்லும் மெய்யான பெண்களோ, பெண்வேடமிட்ட ஆண்கள் என ஐயுறப்பட்டு வாயிலில் நிறுத்தப்படுகின்றனர். காவலர் அறிந்த பெண்மை மேடையிலிருந்து பெற்ற ஒரு தொகுப்பு. அதனைப் பயின்றவன் தேறுகிறான், பெண்கள் தேறுவதில்லை. பால் என்பது மீள மீள நிகழ்த்தப்படுவது என்னும் ஜூடித் பட்லரின் கருத்தை விளக்குதற்கு வகுப்பறைகளில் இக்காட்சியைப் பயன்படுத்தலாம். எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பிளௌஸ் வேடத்தைக் களைந்தபின் மீண்டும் அதிகாரி. பெண்கள் தம் வேடத்தைக் களைந்தால் குற்றவாளிகள். நிகழ்த்துதல் இரு சாரார்க்கும் பொது. அதற்குச் செலுத்தும் விலை வேறு.

ஜாக்ரமும் வினைமுற்றும்

மார்ஜரி கார்பர் ‘வெஸ்டட் இன்ட்ரஸ்ட்ஸ்’ (1992) என்னும் நூலில் ஒரு குறையைச் சுட்டினார். உடைமாறிய ஒருவரை ஆராய்வோர் அவரைக் காணாமல், அவரூடாக அப்பால் நோக்குகின்றனர். வேலைக்காக, பாதுகாப்பிற்காக, முன்னேற்றத்திற்காக உடைமாறினார் எனக் காரணம் காட்டி முடித்துவிடுகின்றனர் என்பது அவர் வாதம். பாலியின் கதை அவ்வகைக் காரணத்திற்குள் அடங்கும். ஜாக்ரத்தின் கதை அடங்காது.

காதலனைத் தொடர்ந்து படைபுகுந்த இளம்பெண்ணாகவே ஜாக்ரத்தின் வாழ்வும் தொடங்கிற்று. அதாவது பழைய கதைப்பாடலின் தலைவி அவரே. காதலன் போரில் இறந்தான். பிறந்த மகன் வேறிடத்தில் வளர்ந்தான். வாய்பாட்டின்படி வேடம் கலைய வேண்டிய இடத்தில் கலையவில்லை. ஓராயுள் கழிந்தது. பெருவயிறும் முரட்டுக்குரலும் புகையிலையும் உடைய சார்ஜென்ட் மட்டுமே எஞ்சினார். ஓய்வு பெறும் வேளையில், வளர்ந்த மகன்முன் தாயெனப் போய் நின்றால் அவன் ஏற்பானோ என அவர் தயங்க, தந்தையாகச் செல்லலாமே என்கிறாள் பாலி. ஜாக்ரம் அவ்வாறே செல்கிறார்.

இம்முடிவைக் குறித்து இருவகைக் கருத்துக்கு இடமுண்டு. பெண்ணாக வாழும் உரிமைக்கு வாதிடும் நூல், தன் வலிமை மிக்க பாத்திரத்தை ஆணாகவே நீடிக்கச் செய்வது முரண் எனலாம். ஜாக்ரம் வேடம் பூண்டவரல்லர், ஆணாகவே வாழ்ந்தவர்; அவருடைய மெய்ம்மை அதுவே எனவும் கொள்ளலாம். புதினம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஆனால் அது சாய்வு மட்டுமே. தீர்ப்பு வழங்காமையில்தான் இப்பகுதியின் கண்ணியம் உள்ளது. பாலி ஜாக்ரத்திடம் ‘நீர் யார்’ எனக் கேட்பதில்லை; ‘எவ்வாறு செல்ல விரும்புகிறீர்’ என்பதையே பேசுகிறாள்.

இவ்விடத்தில் தமிழின் இயல்பைக் கொண்டு நோக்குவது பயன்தரும். ஆங்கிலத்தில் பால் வேறுபாடு பெரிதும் படர்க்கை ஒருமைச் சுட்டுப்பெயரில் தங்குவது. வினை அதனைக் காட்டாது. தமிழிலோ ‘வந்தான்’, ‘வந்தாள்’ என ஒவ்வொரு வினைமுற்றும் பாலுணர்த்தும். பாலி அறிந்ததையே கதைசொல்லியும் அறிந்ததாகக் காட்டுவது புதினத்தின் முறை. அதனைத் தமிழில் பெயர்ப்பதாயின், ஷஃப்டி பெண்ணெனத் தெரியும் கணத்தில் வாக்கியத்தின் இறுதி அசை ஒவ்வொன்றும் மாறவேண்டும். ஆங்கிலத்தில் மெல்ல நிகழும் மாற்றம் தமிழில் உரத்து ஒலிக்கும். தன்மையும் முன்னிலையும் பால் காட்டாமையால் உரையாடல்களில் இச்சிக்கல் குறைவு.

தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் இதற்கு நிகரான சூழலை எண்ணிப் பார்த்திருக்கிறது. உயர்திணை என்பது துணிந்து, ஆணோ பெண்ணோ என்னும் ஐயம் எழுமிடத்துப் பன்மையாற் கூறவேண்டும் என்பது அங்கே விதி. தொலைவில் தோன்றுபவரைக் குறித்த அவ்விதி, அருகிலேயே இருந்தும் அறியப்படாத இப்படையினர்க்கும் பொருந்துகிறது. பூதமும் இரத்தக் காட்டேரியும் எத்திணை என்னும் வினா எஞ்சும். மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையுள் வைத்த நன்னூலார் இவர்களையும் ஏற்றுக்கொள்வர் என நம்பலாம்.

ஜாக்ரத்தின் நிலை இதனினும் சுவையானது. மூத்த சார்ஜென்டைத் தமிழில் இயல்பாகவே ‘அவர்’, ‘வந்தார்’ எனக் குறிப்போம். பலர்பால் ஈறு மதிப்புக் கருதி ஒருவர்க்கு வருமிடத்து ஆண் பெண் வேறுபாடு மறைந்துவிடும். ஆக, ஆங்கில மூலத்தில் ஆசிரியர் முயன்று காத்த மறைபொருளைத் தமிழ் தன் மரியாதையாலேயே காத்துத் தரும். வெளிப்பட்ட பின்னும் ஒரு வினைமுற்றையேனும் மாற்ற வேண்டியதில்லை. ஜாக்ரம் எப்பாலினர் என்பதில் தீர்ப்பளியாத கண்ணியம் தமிழில் இலக்கணமாகவே அமைந்துவிடுகிறது. இக்கட்டுரையிலும் அவ்வாறே வந்திருப்பதை வாசகர் கவனித்திருக்கக்கூடும்.

பிறிதோரிடத்தில் அதே தமிழ் இடர் செய்யும். தாம் இன்ன தீக்குணமுடைய ஆண் அல்லர் என ஆணையிட்டுக் கூறுவது ஜாக்ரத்தின் வாய்வழக்கு. முதல் வாசிப்பில் அது அப்பட்டமான பொய். அதைச் சொல்லிய கையோடு அத்தீமையையே அவர் செய்துமுடிப்பார். இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை என்பது தெரியும். தமிழில் ‘கொடியேன் அல்லேன்’ என்று பெயர்த்தால் நடை அழகாயிருக்கும், குறிப்பு போய்விடும். ‘யான் கொடியவன் அல்லன்’ என ஆண்பால் ஈற்றோடு நிறுத்தினால்தான் அந்த இரட்டைப்பொருள் நிற்கும்.

புதிதாய்ச் சேர்வோர்

இப்புதினத்திற்குக் குறைகள் இல்லாமலில்லை. உருவப்படமாக மட்டும் எஞ்சி மக்களால் வழிபடப்பட்ட டச்சஸ் அன்னகோவியா, வாஸரின் வாய்வழி பேசித் தளபதிகளைப் பணியச் செய்யும் காட்சி மிகவும் வலுவற்றது. மேசையைச் சுற்றி அமர்ந்தோரே தம்முள் கண்டடைய வேண்டிய துணிவு வானிலிருந்து இறக்கப்படுகிறது. நகனின் குரல் மக்களின் அச்சமே எனக் காட்டிய நூல், அதற்கு மாற்றாக இன்னொரு தெய்வக்குரலை நாடியிருக்க வேண்டுவதில்லை. போரிடும் நாடுகளுக்கு வெளியேயிருந்து வரும் ஆங்க்-மார்ப்போர்க் நகரத்தார், குறிப்பாக வைம்ஸ், எல்லாம் அறிந்தவராக நிற்பதும் உறுத்துகிறது. ஈராக் போர் தொடங்கிய 2003ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில், ஒரு பெருநகரின் தலையீடு இவ்வளவு நயமாக அமைந்திருப்பதைக் குறித்துத் தனியே ஆராயலாம்.

ஆனால் நூல் அமைதியோடு முடிவதில்லை என்பதைக் கருதவேண்டும். உடன்பிறந்தானை மீட்டு விடுதிக்குத் திரும்பிய பாலி, போர்மேகம் மீண்டும் சூழ்வதறிந்து புறப்படுகிறாள். இம்முறை அவள் சீருடையோடும் தன் பெண்மையோடும் வெளிப்படையாகச் செல்பவள். வழியில் படையில் சேரப் புறப்பட்ட இளையோர் இருவரைச் சந்திக்கிறாள். ஆண்வேடத்தின் மட்டமான முடிவெட்டை அவள் கண் எளிதில் இனங்காண்கிறது. அவர்களுடைய வேடத்தை அவள் கலைப்பதுமில்லை, தொடருமாறு கட்டாயப்படுத்துவதுமில்லை. ஜாக்ரம் தம் கீழுள்ளோரைத் தம் பையன்கள் என அழைத்துத் தாம் காப்பதாக வாக்களிக்கும் வழக்கம் உடையவர். அவ்வாசகத்தையே பாலி இப்போது கூறுகிறாள். அவர்கள் பையன்களாக இல்லாதிருக்கவும் கூடும் என்னும் பொருள்பட ஒரு சிறு இடைச்செருகலோடு.

தமிழில் இதனைப் பெயர்க்க முனைவோர்க்குப் ‘பிள்ளைகள்’ என்னும் இருபாற் பொதுச்சொல் உடனே கைகொடுக்க முன்வரும். அதனை ஏற்றால் இடைச்செருகலுக்குத் தேவை இராது. ஜாக்ரத்தின் வாசகத்திற்கும் பாலியின் வாசகத்திற்கும் வேறுபாடும் இராது. இந்த ஓரிடத்தில் மட்டும் தமிழின் வசதியைத் துறந்து, ‘பையன்களே’ என்றே தொடங்கவேண்டும்.